இரண்டாம் சீடி

பழைய சீடி வாங்கப் போகிறவர்கள் முதலில் அட்டையில் இருக்கிற முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பிழை. சீடியை வெளியே எடுத்து, மினுங்குகிற பக்கத்தை வெயிலுக்குச் சரித்துப் பார்க்கவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுகிற கீறல் என்றால் பயமில்லை, படம் ஒருதரம் விக்கிவிட்டுப் போய்விடும். வட்டத்தோடு வட்டமாகச் சுற்றி ஓடுகிற கீறல் என்றால் கடைக்காரன் சும்மா தந்தாலும் தொடக்கூடாது.

இதை ஏன் எழுதுகிறான் என்று ஐயா நினைப்பீர்கள். காணாமல்போனவர்களை விசாரிக்கிற நீங்கள் கேட்டது இரத்தினசிங்கத்தைப் பற்றி. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் சீடி வாடகைக் கடை வைத்திருந்தவர், ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த அன்று மைதானத்துக்குப் போனவர், ஏன் திரும்பி வரவில்லை, அவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். சொல்லலாம். ஆனால் சீடியை விட்டுவிட்டு அதைச் சொல்ல ஏலாது.

அவருடைய மனுசி புஸ்பராணி வெளியே மர வாங்கிலில் குந்தியிருக்கிறா. என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே அவதான். அன்றைக்கு மைதானத்தில் நின்ற ஆள், எழுதவும் தெரிந்த ஆள், நல்ல சாட்சி என்று நம்பி வந்திருக்கிறா. மத்தியானத்துக்கு எனக்குச் சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு வந்தவ. மீன் பொரியல் வைத்திருக்கிறாவாம்.

நீங்களும் குறைவைக்கவில்லை. தாளும் பேனையும் தந்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, தேத்தண்ணீருக்கும் சொல்லிவிட்டீர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி நாரி வளைந்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் இராசதுரை. பெயரில் ராசாவும் இருக்கிறார், துரையும் இருக்கிறார். தொழில், துறைமுகத்தில் மூட்டை தூக்குவது. கோதுமை மா ஆலையிலிருந்து வருகிற மா மூட்டையைக் கப்பலில் ஏற்றுவோம், கப்பலில் வருகிற சீனி மூட்டையை இறக்குவோம். மா என்றால் தும்மல், சீனி என்றால் எறும்பு. இரண்டுக்கும் கூலி ஒன்றுதான். மாத் தூசி மற்றவர்களுக்கும் ஒத்துவராது என்றாலும் என் மூக்குக்கு அது தனிப் பகை. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற ஆதம்பாவா என்னைப் பார்த்து, "துரை, நீ தும்முற தும்மலுக்குக் கப்பலே ஆடுது. கப்பல்காரனிட்டச் சொல்லி அதுக்கும் ஒரு கூலி கேளன்டாப்பா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அடுத்த தும்மல் வரும்வரை.

என் மனுசி நல்லம்மா கட்டைபறிச்சானில் தாய் வீட்டில் இருக்கிறா. சண்டை காரணம் என்று ஊருக்குச் சொன்னா. சீடி காரணம் என்று எனக்குச் சொன்னா. இரண்டும் உண்மை.

வாடகைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பல கை பட்டுக் கீறல் விழுந்த சீடிகளையும், சோடி தொலைந்த சீடிகளையும் கடைவாசலில் ஒரு மட்டைப்பெட்டியில் கொட்டி வைப்பார்கள். விலை சொல்லக் கடைக்காரனுக்கே வெட்கமாயிருக்கும். ஒரு படம் இரண்டு சீடியில் வரும். முதலாவதில் பாதி, இரண்டாவதில் மீதி. வாடகைக்கு எடுத்தவன் ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதைக் கொண்டுவந்து நீட்டுவான். அந்த அநாதைகள்தான் பெட்டிக்குள் கிடக்கும். நான் அவற்றைக் கிண்டுகிறவன். ஒரு கடையில் முதலாம் சீடியை எடுப்பேன், பிறகு வேறு ஊரில், வேறு பெட்டியில், அதன் இரண்டாம் சீடியைப் பிடிப்பேன். வேலையில்லாத நாட்களில் பஸ் பிடித்து நிலாவெளிக்குப் போவேன், குச்சவெளிக்கும் போவேன். திருகோணமலையில் எனக்குத் தெரியாத சீடிக் கடை இல்லை. இந்த அறிவுதான் பிறகு வினையாகிப் போனது. யாருக்கு என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

அந்த நாளில் எனக்கு எழுத்துத் தெரியாது. அட்டைப் படத்தை நம்பித்தான் வாங்கினேன். ஒருமுறை மூன்று கடைகளில், மூன்று விதமான அட்டைகளோடு மூன்று படம் வாங்கி, பெருமையாக இரத்தினசிங்கத்திடம் காட்டினேன். அவர் சீடிகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, இது மூண்டும் ஒரே படம். பாத்தும் தெரியேல்லையோ?"

"ரெண்டாவதைப் பாக்கேக்க கதை முதலே தெரிஞ்ச மாதிரி இருந்தது தம்பி. எனக்கு மூளை கூடீட்டுது எண்டு நினைச்சன்."

அவர் சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சரிந்தது. சிரித்து முடிந்ததும் ஒரு விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் தடித்த பேனையால் 'அ' எழுதினார். அப்படித்தான் தொடங்கியது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடையில் ஆள் குறைந்த நேரங்களில் படப் பெயர்களை வைத்தே எழுத்துப் பழக்கினார். நான் எவருடைய உதவியும் இல்லாமல் எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்த முதல் வசனம், மேல் தட்டில் கண்ணாடிக்குள் இருந்த சில சீடிகளில் அவர் ஒட்டியிருந்தது: 'விற்பனைக்கு அல்ல'.

கல்வி என்னை அப்படித்தான் வரவேற்றது.

யுத்தநிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. ஒருநாள் நிலாவெளியிலிருந்து வரும்போது காவலரணில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். என் பையில் அட்டை இல்லாத சீடிகள் நிறைய. அதற்குள் என்ன இரகசியம் இருக்கிறது என்று கேட்டார்கள். கதாநாயகி இருக்கிறா என்றேன். பகிடி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகாமுக்குக் கொண்டுபோய் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். கதாநாயகி இருந்தா. இடைவேளைவரை எல்லாரும் கதிரை போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் சீடி எங்கே என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். அதைத்தான் நானும் தேடுகிறேன் என்றேன்.

தமிழ் தெரிந்த ஒருவர் மெதுவாக விசாரித்தார். எந்தெந்தக் கடையில் வாங்கினாய், யார் நடத்துகிறது, யார் வந்து போகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உனக்கு எல்லாரையும் தெரியுதே" என்றார். நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது.

அடுத்த சுற்றிவளைப்பில் என் தலையில் சாக்கைப் போட்டு ஜீப்பில் இருத்தினார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் வரிசையாக வருவார்கள், நான் தெரிந்த கெட்ட ஆளைக் கண்டால் தலையாட்டவேண்டும், வாய் மட்டும் திறக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்கச் சாக்கை முதுகில் சுமந்தவன், தலைக்குப் பதவி உயர்ந்தது அன்றுதான்.

ஐயா நம்புங்கள், நான் ஒருவரையும் காட்ட நினைக்கவில்லை. சிலைபோல இருந்தேன். ஆனால் அது மாச் சாக்கு. உதறாத மாச் சாக்கு. நான் மூச்சை அடக்கினேன், நாக்கைக் கடித்தேன். கடைசியில் தும்மல் வந்தது. தும்மினால் தலை முன்னுக்கு விழும், அது உடம்பின் சட்டம். சாக்குக்கு வெளியே நிற்கிறவனுக்குத் தும்மலும் தலையாட்டலும் ஒன்றுதான். அந்த நேரம் ஜீப்புக்கு முன்னால் நின்றவர் ஆனந்தராசா. கடற்கரைப் பக்கம் சீடிக் கடை வைத்திருந்தவர், என்னை எப்போதும் 'வாங்கோ துரை' என்று கூப்பிடுகிறவர். அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் சொல்லியிருக்கலாம், அது தும்மல் என்று. ஆனால் வாய் திறக்கக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டார்கள். நான் சொல் கேட்டு நடக்கிற ஆள். பின்னேரம் எனக்குத் தின்ன ஒரு பணிஸும் குடிக்கப் பிளேன்ரீயும் தந்து அனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் ஆனந்தராசாவின் தம்பி கடையை மூடினார். சீடி எல்லாவற்றையும் பாயில் குவித்து, எண்ணாமல், அள்ளுக் கணக்கில் விற்றார். நான் கேள்விப்பட்டுத்தான் போனேன். அப்படி ஒரு குவியலை நான் கண்டதில்லை. முழுச் சோடிகள், கீறல் விழாதவை, அட்டையோடு. இத்தனை நாளும் கடைவாசல் பெட்டியில் அநாதைகளைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றுதான் விளங்கியது.

ஆனந்தராசா சில மாதத்தில் திரும்பி வந்தார், அதையும் எழுதவேண்டும். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. என்னைக் கண்டு, "என்ர சாமான்கள் அருமை தெரிஞ்ச ஆளிட்டப் போயிருக்கு எண்டு கேள்விப்பட்டன் துரை, அந்தளவில சந்தோசம்" என்றார். அவரே சந்தோசப்படும்போது நான் இருந்து கவலைப்படுவது மரியாதையில்லை.

அதற்குப் பிறகு சுற்றிவளைப்பு என்றால் என்னைத் தேடி வருவார்கள். எனக்கும் தும்மல் ஒரு அளவோடு வரத் தொடங்கியது. நிலாவெளியில் ஒருவர், சீடியைக் குழந்தைப்பிள்ளை முகம் துடைக்கிறமாதிரி மெல்லிய துணியால் துடைத்து வைக்கிறவர். அவர் வரிசையில் வந்தபோது தும்மினேன். குச்சவெளிக்காரர் ஒருவர், எந்தச் சாமானுக்கும் ஒரே விலைதான் என்று முகத்தை முறிக்கிறவர். அப்போதும் தும்மினேன். அந்தக் கடைகளும் பிறகு மூடத்தான் செய்தன. சீடிக்காகத் தும்மினேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. நடுவில் ஒரு சலூன்காரரும் போனார். சீடிதான் காரணம் என்றால் சலூன்காரர் ஏன் போகிறார்? என் மனச்சுத்தத்துக்கு அந்த ஒருவரே போதும்.

இனி இரத்தினசிங்கம்.

ஆனந்தராசாவின் குவியலில் நான் எடுத்த ஒரு கறுப்புவெள்ளைப் படத்துக்கு முதலாம் சீடி மட்டும்தான் இருந்தது. பெரிய வீடு. வீட்டுக்கார முதலாளியை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார்கள். எல்லாரும் அழுகிறார்கள், எல்லாரிலும் சந்தேகம் வருகிறது. கடைசியில் ஒரு பொலிஸ்காரர் மாடியறை அலுமாரியின் கைபிடியில் கையை வைக்கிறார். உள்ளே மூச்சுச் சத்தம். முதலாம் சீடி அதோடு முடிந்துவிடும். நான் அந்தக் கையை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று தெரியாது. மூட்டை தூக்கும்போதும் அந்த அலுமாரிதான் கண்ணுக்குள் நிற்கும்.

அதன் இரண்டாம் சீடி இரத்தினசிங்கத்தின் மேல் தட்டில் இருந்தது. 'விற்பனைக்கு அல்ல' ஒட்டியது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கேட்டேன்.

"தம்பி, அந்த ரெண்டாம் சீடியை எனக்குத் தாரும். முதலாவது என்னட்டக் கிடக்கு."

"அது எங்கால அண்ணை?"

"ஆனந்தராசாவின்ர குவியலில எடுத்தனான்."

"அட, அது என்ர சீடியெல்லோ! அந்த மனுசன் இரவல் வாங்கிக்கொண்டு போனது. சோடி பிரிஞ்சு போச்செண்டுதான் இதைக் கண்ணாடிக்குள்ள வச்சனான்."

"நான் காசு குடுத்து வாங்கினது."

"ஓம், வாங்கினீங்கள், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. நீங்கள் அதைக் கொண்டாங்கோ. ரெண்டையும் போட்டு இஞ்சையே இருந்து பாப்பம். புஸ்பம் கடலை அவிச்சுத் தருவாள்."

"ஓசியில பாக்க நான் என்ன பிச்சைக்காரனோ? விலையைச் சொல்லும்."

"இதுக்கு விலை இல்லை அண்ணை. சரி, அப்ப உங்கட முதலாவதை எனக்கு வித்துப்போடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. "விற்பனைக்கு அல்ல" என்றேன்.

இரத்தினசிங்கம் தன் ஒட்டுத்தாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "பாத்தியளே, எழுத்துப் பழக்கிவிட்டது என்ர பிழை! என்ர ஒட்டுத்தாளையே எனக்கு வாசிச்சுக் காட்டுறார்!" என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன், "அண்ணைக்குப் பட்டம் குடுக்க வேணும்" என்றான். இன்னொருவன் எனக்கு முன்னால் குனிந்து கும்பிட்டான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரத்தினசிங்கமும் கெட்டவர் இல்லை. நான் போகும்போது, "அண்ணை, கோவிக்காதேங்கோ, பகிடிக்கு" என்று வாசல்வரை வந்து சொன்னார். நான் கோபிக்கவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை அந்தப் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். காலையில் ஒலிபெருக்கி வைத்து, ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். என்னை அதற்கு முதலே ஏற்றிவிட்டார்கள். வழக்கம்போல ஜீப், வழக்கம்போல சாக்கு. வெயில் ஏற ஏற உள்ளே வேர்த்தது. கழுத்தடியில் எறும்பு ஊர்ந்தது, தட்ட ஏலாது, அசைந்தால் தலையாட்டியதாக யாருக்காவது கணக்காகிவிடும். நான் எவ்வளவு பொறுப்போடு அந்த வேலையைச் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரத்தினசிங்கம் வரிசையின் பின்பகுதியில் வந்தார். தலை சீவவில்லை. கையில் ஒரு சின்னச் சொப்பிங் பை. என் முன்னால் வந்து நின்று, ஓட்டைகளை நேராகப் பார்த்துச் சிரித்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆர் வந்தாலும் சிரித்து வரவேற்பது கடைக்காரப் பழக்கம்.

அப்போது தும்மல் வந்தது.

பையில் என்ன என்று கேட்டார்கள். "படம், சேர்" என்றார். பையோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

அவர் வரவில்லை. புஸ்பராணி முகாம் முகாமாகத் திரிந்தா. போக வர, கடிதம் எழுதுவிக்க, ஆட்களைப் பிடிக்க எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியிருந்தது. கடைச் சாமானை விற்க முடிவெடுத்து, முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

"அண்ணை, இதுகளில எது நல்லது, எது கூடாதது எண்டு எனக்கு ஒண்டும் விளங்காது. நீங்கள்தான் பிரிச்சுத் தரவேணும். அவருக்கு உங்களிலதான் நம்பிக்கை."

இருந்து பிரித்தேன். ஒவ்வொன்றாக வெயிலுக்குச் சரித்துப் பார்த்தேன். நல்லதைக் கண்டால், "இது வட்டக் கீறல் தங்கச்சி, ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்று ஒரு பக்கம் வைத்தேன். அந்தப் பக்கம் மெல்ல மெல்ல உயர்ந்தது. முடிவில், அந்தக் கழிவுகளை நானே எடுக்கிறேன் என்றேன்.

"உங்களிட்ட என்னெண்டு காசு வாங்கிறது அண்ணை? கொண்டுபோங்கோ."

சும்மா வாங்குவது என் கொள்கையில் இல்லை. ஆகவே பேரம் பேசினேன். அவ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நான் ஒரு விலை சொன்னேன். பிறகு கீறலை நினைவுபடுத்தி அதிலும் கொஞ்சம் குறைத்தேன். அவ கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினா.

கண்ணாடித் தட்டை நான்தான் திறந்தேன். 'விற்பனைக்கு அல்ல' ஒட்டிய அந்தச் சீடிக் கூட்டை எடுத்தேன். அலுமாரிக்குள் ஆர் என்று அன்றிரவே தெரிந்துவிடும். திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"அந்தச் சீடியோ?" என்றா புஸ்பராணி. "அண்டைக்குக் காலமை மைதானத்துக்குப் போகேக்க அவர் அதை எடுத்துப் பையில போட்டவர். துரை அண்ணையும் அங்க வருவார்தானே, கையோட குடுத்திடுவம் எண்டு சொன்னவர். சனத்துக்கு முன்னால உங்களைப் பகிடி பண்ணினது அவருக்கு மனசுக்குச் சரியா இருக்கேல்ல." பிறகு கேட்டா, "உங்களைக் கண்டு தந்தவரோ அண்ணை?"

"சன நெருக்கம் தங்கச்சி" என்றேன். "கண்டனான். கிட்டப் போகேலாமல் போச்சு."

வெறும் கூட்டுக்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அந்தப் பேரத்தில் நட்டப்பட்டது நான். அதை நான் இதுவரை அவவிடம் சொல்லிக் காட்டியதில்லை.

ஐயா, இவ்வளவும் எழுதியதற்கு ஒரு பிரதியுபகாரம் கேட்கலாமென்று நினைக்கிறேன். இரத்தினசிங்கத்தைத் தேடுவது கஷ்டமான வேலை, ஆட்கள் ஒரு இடத்தில் இருக்கமாட்டார்கள். ஆனால் பைகளை ஒரு அறையில் போட்டு வைப்பார்கள், என் பையை அப்படித்தான் திருப்பித் தந்தார்கள். நீலநிறச் சொப்பிங் பை, உள்ளே ஒரேயொரு சீடி. அதைத் தேடிப் பார்த்தால் நல்லது. ஒருவருக்கும் அதால் பிரயோசனமில்லை, முதலாவது என்னிடம் இருக்கிறபடியால்.

மற்றப்படி இதில் குற்றம் என்று பார்த்தால், ஆலைக்காரர் சாக்கைச் சரியாக உதறாததுதான். மூக்குக்கு எவரும் தண்டனை கொடுக்க ஏலாது.

இதுவரை எழுதி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே வைத்துத் தந்தேன். நீங்கள் முழுவதையும் வாசித்தீர்கள். வெளியே வாங்கிலைப் பார்த்தீர்கள். பிறகு தாளை என்னிடமே திருப்பித் தந்து, இரத்தினசிங்கம் போன அன்று தலையில் போட்டது என்ன சாக்கு என்று மட்டும் கேட்டீர்கள். இந்த வழக்குக்கு அது தேவையில்லாத கேள்வி. என்றாலும் கேட்டதற்காக இதையும் எழுதிக் கீழே இன்னொரு கையெழுத்து வைக்கிறேன்.

அன்றைக்குத் தந்தது சீனிச் சாக்கு. சீனிக்கு எனக்கு ஒருநாளும் தும்மல் வந்ததில்லை.